நம்பர் எடுப்பவரும் சம்சு குடிப்பவரும் ஒரே நோயாளியா?

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 11 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார்கள். பதினொரு பேருக்கும் பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்துக்கும் உடல் விறைப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அத்தனை பேரும் சூதாட்டத்தில் தலைகுப்புற விழுந்திருந்தார்கள். ஏழு பேருக்கு அந்த வெறி, மாத்திரையைத் தொடங்கிய அல்லது அதன் அளவைக் கூட்டிய மூன்று மாதங்களுக்குள் வந்தது. மாத்திரையைக் குறைத்தபோது அல்லது நிறுத்தியபோது, மருத்துவர்களால் தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களிடம் வெறி அடங்கிப்போனது. குடி இல்லை, கஞ்சா இல்லை. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்யும் வேலையைத் தானும் செய்கிற ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் ஏறக்குறைய 17 விழுக்காட்டினரிடம் சூதாட்டம், அடங்காத பாலியல் நாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, பெருந்தீனி ஆகியவற்றில் ஒன்றேனும் காணப்பட்டது. எடுக்காதவர்களிடம் இது ஏறக்குறைய 7 விழுக்காடு.

சூதாட்டம் வளர்ப்புக் கோளாறு, குணக்கேடு என்று அடித்துப் பேசுபவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும். எல்லாம் மூளைச் சுரப்பின் வேலை, மனிதன் வெறும் பொம்மை என்பவர்களுக்கும் கசக்கத்தான் வேண்டும். அதே மாத்திரையை விழுங்கிய மற்ற 83 விழுக்காட்டினருக்கு இந்த வெறி எதுவும் வரவில்லையே!

உடலுக்குள் எதுவுமே போகாத ஒரு பழக்கத்தைக் குடிநோயோடும் ஹெராயினோடும் ஒரே பட்டியலில் வைக்கலாமா என்று உளநல மருத்துவம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூதாட்டத்தை வைக்கலாம், வைத்தே ஆகவேண்டும். மற்றவற்றை மொத்தமாகக் கட்டித் தூக்கிப் போடக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ஆளின் மனத்தை மட்டும் துருவினால் போதாது. அவர் கையில் இருக்கும் பொருள் என்ன, அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதுதான் பாதிக் கேள்வி.

பினாங்குப் பெருநிலத்தில், பிறை அல்லது பட்டர்வொர்த் பக்கம், ஒரு ஒட்டுக்கடையில் சனிக்கிழமை மாலை உட்கார்ந்து பாருங்கள். புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் நான்கு இலக்க எண் குலுக்கல் உண்டு. சில செவ்வாய்க்கிழமைகளில் சிறப்புக் குலுக்கலும் சேர்ந்துகொள்ளும். ஏழு மணி நெருங்கும்போது தே தாரேக் ஆறிக்கொண்டிருக்கும், எல்லாத் தலைகளும் கைப்பேசிக்குள் குனிந்திருக்கும். காலையில் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லோரியின் நம்பர் பிளேட்டை ஒருவர் கட்டியிருப்பார். கனவில் பாம்பு வந்ததற்கு எண் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து இன்னொருவர் கட்டியிருப்பார். 4271 கட்டியவருக்கு 4217 வந்திருக்கும். அவர் முகத்தைக் கவனியுங்கள். தோற்றவரின் முகமாக அது இருக்காது. "வந்துவிட்டது பார், இடம்தான் மாறிவிட்டது" என்று பக்கத்து மேசைக்குச் சீட்டை நீட்டுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு அதே எண்ணை இரட்டிப்பாகக் கட்டுவார்.

கணக்கு யாருக்கும் ரகசியமில்லை. மொத்தம் 10,000 எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. 'பெரியது' என்ற வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500; பத்து எண்களுக்குத் தலா 180, இன்னும் பத்து எண்களுக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. அதாவது பத்தாயிரம் எண்களையும் தலா ஒரு வெள்ளிக்கு ஒருவரே வாங்கினாலும் 6,400 வெள்ளிதான் கைக்குத் திரும்பும். ஒரு வெள்ளிக்கு 64 காசு. இதை எட்டாம் வகுப்பு மாணவன் போட்டுக் காட்டிவிடுவான். ஒட்டுக்கடையில் இருக்கும் பலருக்கும் தெரியும். தெரிந்தும் கட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாரத்துக்குப் பத்து வெள்ளியோடு நின்றுவிடுகிறார்கள், வீடு வழக்கம்போல நடக்கிறது. இதையும் சொல்லியாக வேண்டும். நம்பர் எடுக்கும் ஒவ்வொருவரையும் நோயாளியாக்கினால் பினாங்கில் மருத்துவமனைப் படுக்கை போதாது.

ஆனால் நிற்க முடியாத ஒருவர் இருக்கிறார். ஊழியர் சேமநிதியில் 2024ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட மூன்றாம் கணக்கில், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வழியிருக்கும் பணத்தைத் துடைத்துவிட்டவர். மனைவியின் சங்கிலி அடகுக்கடையில். அதன் பிறகு ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரர். வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிப் போன பிறகுதான் குடும்பத்துக்கே கடன் எவ்வளவு என்று தெரியும். குடிக்கிறவன் வாசத்தில் மாட்டிக்கொள்வான். இவரிடம் எந்த வாசமும் வராது. இவரை வீட்டில் 'புத்தி கெட்டவர்' என்பார்கள். நோயாளி என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

மருத்துவ உலகமும் சட்டென்று சொல்லிவிடவில்லை. அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோய்க் கையேட்டில் சூதாட்டம் முதன்முதலில் இடம் பிடித்தது 1980இல். அப்போது அதற்குக் கிடைத்த அண்டை வீட்டுக்காரர்கள் திருடும் வெறியும் தீ வைக்கும் வெறியும். உந்துதலை அடக்க முடியாத கோளாறுகள் என்ற தலைப்பில் எதெதற்கோ நடுவே அதைச் செருகியிருந்தார்கள். 1987இல் திருத்தியபோது, தலைப்பை மாற்றாமல், அறிகுறிகளை மட்டும் போதைப்பொருள் அடிமைநிலையைப் பார்த்து எழுதினார்கள். இடமும் மாறியது 2013இல்தான். ஐந்தாம் பதிப்பில் மது, ஓபியம், புகையிலை எல்லாம் இருக்கும் அத்தியாயத்துக்கே சூதாட்டம் குடிபோனது. ஒன்பது அறிகுறிகள், பன்னிரண்டு மாதங்களில் அவற்றில் குறைந்தது நான்கு இருந்தால் நோய். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதினோராம் நோய்ப் பட்டியலும் அதையே செய்தது. கூடவே மின்விளையாட்டுக் கோளாறையும் சேர்த்துக்கொண்டது.

திருக்குறள் படித்தவர்களுக்கு 2013இல் வியக்க ஒன்றும் இருந்திருக்காது. 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94ஆம் அதிகாரம் சூது. அடுத்தது மருந்து என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சூது அதிகாரத்தின் கடைசிக் குறளில் "இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல்" என்று வருகிறதே, அது தற்செயல் இல்லை. இழக்க இழக்க ஆசை கூடுவது சூதாட்டத்துக்கே உரிய அறிகுறி. ஒன்பதில் எட்டை எப்படியாவது குடிநோயோடு பொருத்திவிடலாம்; விட்ட பணத்தைப் பிடிக்க மறுநாளே திரும்பி வரும் இந்த ஒன்றுக்கு மட்டும் மதுவிலோ ஹெராயினிலோ இணை கிடையாது. நேற்று குடித்ததைத் திரும்பப் பெற யாரும் இன்று குடிப்பதில்லை.

மற்றபடி ஒற்றுமைகள் மேலோட்டமானவை அல்ல. முதலில் ஐந்து வெள்ளியில் கிடைத்த படபடப்பு பிறகு ஐம்பது கட்டினால்தான் கிடைக்கும். நிறுத்தினால் எரிச்சல், நிலைகொள்ளாமை, தூக்கமின்மை. மாதக்கணக்கில் விட்டிருந்தவர் ஒரு சம்பள நாளில் மீண்டும் விழுவார். குடிநோய்க்கும் ஓபியம் வகைப் பொருள்களின் அடிமைநிலைக்கும் கொடுக்கப்படும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்து, சூதாட்ட நோயாளிகள் சிலருக்கும் வேகத்தைத் தணித்திருக்கிறது. இருந்தாலும் சூதாட்டத்துக்கென்றே அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்த மருந்து இதுவரை ஒன்றுமில்லை.

மூளைப் பக்கம் வந்தால் டோபமைனை 'இன்பச் சுரப்பு' என்று அழைத்து முடித்துவிடும் கட்டுரைகள் ஏராளம். அப்படிச் சொல்வது பாதிகூட உண்மையில்லை. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குழு குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து நரம்பணுக்களைக் கவனித்தது. எதிர்பார்த்தபடி வந்த சாற்றுக்கு டோபமைன் அணுக்கள் அலட்டிக்கொள்ளவில்லை. எதிர்பாராமல் வந்தால் துள்ளின. கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருக்கும்போது, காத்திருக்கும் நேரம் முழுவதும் அவை ஏறிக்கொண்டே போயின என்று 2003இல் அதே குழு கண்டது. குலுக்கல் சீட்டு என்பது இந்தக் காத்திருப்பைக் காசுக்கு விற்பதுதானே. டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் முன்வைத்த கருத்து இன்னும் கூர்மையானது. வேண்டும் என்ற இழுப்பும் பிடித்திருக்கிறது என்ற சுவையும் மூளையில் தனித்தனி. பழக்கம் முற்ற முற்ற இழுப்பு வளரும், சுவை வளராது. "பிடிக்கவே இல்லை, ஆனாலும் போகிறேன்" என்று சூதாட்டக்காரர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை.

4271காரரின் முகத்துக்கும் விளக்கம் உண்டு. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் தவறிய ஆட்டம் ஆடுபவருக்குக் கசப்பாக இருந்தது. ஆனால் மேலும் ஆடும் ஆசையைக் கூட்டியது. வெற்றியின்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளில் சில அப்போதும் விழித்தன. பூரணத் தோல்வியைவிட ஏறக்குறைய வெற்றி ஆபத்தானது.

இனி வேற்றுமைகள். தினமும் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைக் குடித்துக்கொண்டிருந்தவரைத் திடீரென நிறுத்தச் சொன்னால் வலிப்பு வரலாம், சித்தப்பிரமை பிடிக்கலாம், உயிரும் போகலாம். சூதாட்டத்தை நிறுத்தியதால் யாருக்கும் வலிப்பு வந்ததில்லை. கல்லீரல் கெடாது. அளவு மீறி நாக்கு நீலம் பாய்ந்து விழுபவர் கிடையாது. 'போதைப்பொருள் போன்றதல்ல' என்பவர்கள் நிற்கும் இடம் இதுதான், நியாயமான இடம். ஆனால் உயிராபத்து இல்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சூதாட்ட நோய் கண்டறியப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுவீடனின் பதிவேடுகளில் பின்தொடர்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், தற்கொலை பொதுமக்களிடம் இருப்பதைவிட 15 மடங்கு அதிகமாக இருந்தது. மலேசியாவில் தற்கொலை முயற்சி 2023 வரை தண்டனைக்குரிய குற்றம். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் 309ஆம் பிரிவு நீங்கியது. கடன் தாங்காமல் விஷம் குடித்துப் பிழைத்தவரின் படுக்கையருகே அதுவரை மருத்துவரோடு காவலரும் நின்றிருக்கக்கூடும்.

இன்னொரு தடுமாற்றமும் இருக்கிறது. பழக்கங்களைப் போதைப்பொருளோடு ஒப்பிடும்போது, போதைப்பொருள் அடிமைநிலை என்பது ஒரே மாதிரியான, மீள முடியாத ரசாயன விதி என்று வைத்துக்கொண்டே ஒப்பிடுகிறோம். அது அப்படி இல்லை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 1971இல் ஊர் திரும்பியபோது, நாடே குலை நடுங்கியது. ஆய்வாளர் லீ ராபின்ஸ் அந்தச் சிப்பாய்களைத் தேடிப் போய்ப் பார்த்தபோது, முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் மிகச் சிலரே. ஊர் மாறியது, பொருள் கிடைக்கும் இடம் மாறியது, பக்கத்தில் இருந்தவர்கள் மாறினார்கள். நம் மிண்டனில், அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் வடமாநிலங்களில் 'கெத்தும்' என்ற மரத்தின் இலைச் சாறு குடிப்பவர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. விட முடியாத பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஆனால் தினமும் குடித்துவிட்டு வேலைக்கும் போய் வருகிறார்கள். ஹெராயினும் ஒரு பொருள், கெத்தும் ஒரு பொருள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எனவே 'பழக்கமா, பொருளா' என்று பிரிப்பதைவிட, வந்து சேரும் வேகத்தைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. தோட்டக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கள்ளுக்கடைக் கள் இறக்கிய அன்றே குடிக்க வேண்டியது; வயிறு நிறைந்தபின்தான் தலை சுற்றும். பிறகு வந்த சம்சு, சட்டைப்பைக்குள் அடங்கும் பாட்டிலில், பல மடங்கு வீரியத்தில், பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தது. இரண்டிலும் இருப்பது ஒரே சாராயம்தான். தோட்டக் குடும்பங்களை வேரோடு பிடுங்கியதில் சம்சுவின் பங்கு வேறு கணக்கு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடியதும் அதனால்தான். சூதாட்டத்திலும் இதே வேறுபாடு இருக்கிறது. நான்கு இலக்க எண்ணில் காலையில் கட்டினால் மாலை வரை பொறுக்க வேண்டும், தோற்றால் அடுத்த குலுக்கல் வரை பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் சம்பளம் தீரலாம், மனைவி சண்டை போடலாம், புத்தி வரலாம். கைப்பேசியில் வரும் சட்டவிரோதச் சுழல் ஆட்டத்தில் ஒரு சுற்று சில வினாடிதான். மணிக்குச் சில நூறு சுற்றுகள். பிறை தொழிற்சாலை விடுதியில், இரவு வேலை முடிந்து படுக்கையில் கிடக்கும் இளைஞனுக்குப் புத்தி வர அது இடமே கொடுப்பதில்லை. பணம் வங்கிச் செயலியிலிருந்து அப்படியே நகர்கிறது. தாளாக எண்ணிக் கொடுத்தாலாவது கை தயங்கும்.

இந்த ஆட்டங்களை வடிவமைப்பவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். எத்தனை முறைக்கு ஒருமுறை வெற்றி என்பதை ஒழுங்கில்லாமல் வைத்தால் புறா சோர்வடையாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கண்டுபிடித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. மயிரிழையில் தவறும் ஆட்டம் தானாக வருவதில்லை. அது எத்தனை முறை வரவேண்டும் என்பதையும் எழுதி வைக்கலாம். இதனால்தான் 'அடிமை' என்ற பட்டத்தை ஆளுக்கு மட்டும் சூட்டி முடிப்பது எனக்கு உறுத்துகிறது. ஹெராயினைப் பற்றிப் பேசும்போது விற்பவனைப் பற்றியும் பேசுகிறோம்.

இப்போது மற்றப் பழக்கங்கள். இங்கேதான் வண்டி தடம் புரள்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது முறை கை கழுவும் அம்மாவையும் இந்தப் பட்டியலில் ஏற்ற விரும்புகிறவர்கள் உண்டு. எரிவாயு அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருபவரையும் ஏற்றுவார்கள். இருவரும் தங்களை நிறுத்த முடியாதவர்கள்தாம், ஆனால் எதிர் எதிர்த் திசையில். சூதாட்டக்காரரை ஏதோ ஒன்று கூப்பிடுகிறது. கை கழுவுபவரை ஏதோ ஒன்று மிரட்டுகிறது. கழுவுவதில் அவருக்கு எந்தச் சுகமும் இல்லை, கழுவாவிட்டால் வரும் பயம் மட்டும் தணிகிறது. சிகிச்சையும் தலைகீழ். அவரை அழுக்கைத் தொடச் சொல்லி, கழுவாமல் உட்கார வைத்து, பயம் தானாக வடியும் வரை கூட இருப்பார்கள். பயன் நிரூபிக்கப்பட்ட முறை அது. சூதாட்டக்காரரிடம் தொடக்கத்திலேயே அதைச் செய்து, கையில் காசோடு கெந்திங் மலைக் கேசினோவுக்கு அனுப்பி வைக்க முடியுமா? அவரிடமிருந்து முதலில் ஏடிஎம் அட்டையை வாங்கி வைக்க வேண்டும். வீட்டில் 'சுத்தப் பைத்தியம்' என்று கேலி செய்யப்படும் பெண்ணை அடிமைநோயாளி என்று அழைப்பதால் அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சைதான் தள்ளிப்போகும்.

அடங்காத பாலியல் நடத்தை இன்னும் சிக்கல். உலகச் சுகாதார நிறுவனம் அதை நோயாக ஏற்றது. ஆனால் அடிமைநோய்கள் பிரிவில் வைக்கவில்லை, திருடும் வெறியும் தீ வைக்கும் வெறியும் இருக்கும் பழைய பிரிவில் வைத்தது. மதம் தடுத்ததைச் செய்துவிட்டோமே என்ற குற்றவுணர்ச்சி மட்டும் இருந்தால் நோய் என்று சொல்லக் கூடாது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. நம் குடும்பங்களுக்கு அந்த வரி மிகவும் தேவை. பொருள் வாங்கும் வெறிக்குத் தனி இடமே இல்லை.

மின்விளையாட்டை அடிமைநோயாக்கியது சரியா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் இரண்டு முகாமாகத்தான் நிற்கிறார்கள். 2016, 2017 ஆண்டுகளில் பலர் கையொப்பமிட்டு எதிர்ப்புக் கட்டுரையே எழுதினார்கள். எத்தனை மணிநேரம் ஆடுகிறான் என்பது அளவுகோல் அல்ல. கட்டுப்பாடு கைவிட்டுப் போயிருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் ஓரங்கட்டியிருக்க வேண்டும், கேடு தெரிந்தும் தொடர வேண்டும், இது பொதுவாக ஓராண்டாவது நீடிக்க வேண்டும். எஸ்பிஎம் தேர்வுக்கு முன் பையன் இரண்டு மணிநேரம் ஆடுவது இதில் வராது. ஆனால் ஆட்டத்துக்குள்ளேயே காசு கட்டித் திறக்கும் மர்மப் பெட்டிகள் இருக்கின்றனவே, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்குபவை, அவற்றைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்துவிட்டது. சிறுவனைக் குறை சொல்லாமல் பெட்டியைக் குறை சொன்னது அந்த நாடு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

கைப்பேசி, சமூக வலைத்தளம் எல்லாவற்றையும் போதை என்று அழைக்கும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. 1995இல் இவான் கோல்ட்பெர்க் என்ற நியூயார்க் மருத்துவர், நோய்க் கையேட்டின் மொழிநடையைக் கிண்டல் செய்ய, 'இணைய அடிமைக் கோளாறு' என்று ஒரு போலி நோயை அறிகுறிகளோடு எழுதிச் சக மருத்துவர்கள் கூடும் இணையப் பலகையில் போட்டார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். தங்களுக்கும் அது இருக்கிறது என்று கடிதம் எழுதினார்கள். பிற்பாடு ஓர் ஆய்வுக் குழு, சமூக வலைத்தள அடிமைநிலையை அளக்கும் கேள்வித்தாளை எடுத்து, வலைத்தளம் இருந்த இடத்தில் 'நண்பர்களோடு நேரில் நேரம் கழிப்பது' என்று மாற்றி, 807 பேரிடம் கொடுத்தது. ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் நண்பர்களுக்கு அடிமை என்று முடிவு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் அன்றாடம் மாலை தேநீர்க்கடையில் கூடும் பெரியவர்களிடம் கொடுத்திருந்தால் நூற்றுக்கு நூறு வந்திருக்கும்.

பெயர் சூட்டுவது வெறும் ஏட்டு விவகாரம் என்று ஒதுக்க முடியாததற்கு மலேசியாவில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இங்கே அடிமைநோய் என்றால் சிகிச்சை மட்டும் நினைவுக்கு வராது. 1983ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சார்ந்தோர் சட்டம், சோதனையில் உறுதியானவரை இரண்டு ஆண்டுகள் மறுவாழ்வு மையத்தில் வைக்கவும் பிறகு இரண்டு ஆண்டுகள் கண்காணிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. அந்த மையங்களுக்கு இருந்த புசாட் செரந்தி என்ற பெயரைச் சொன்னாலே முகம் மாறும் குடும்பங்கள் நம்மில் நிறைய. 2005இல் ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது, 2010க்குப் பிறகு தாமாக வந்து சேரக்கூடிய மையங்கள் திறந்தன. மருத்துவப் பார்வை மெல்ல மெல்லத்தான் உள்ளே வந்தது. சூதாட்டம் இன்னொரு கோடியில் நிற்கிறது. அதற்கான சட்டம் 1953ஆம் ஆண்டினது. கதவும் மேசையும் உள்ள சூதாட்ட வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, அபராதமும் சிறையும் பேசும். உரிமம் பெற்ற கடைகளோ அரசுக்கு வரி கட்டுகின்றன. எண் குலுக்கல் நிறுவனமான டோட்டோவை 1969இல் தொடங்கியதே அரசாங்கம்தான். 1985இல் தனியாரிடம் போனது. ஒரே மூளைச் சுற்றில் மாட்டிக்கொண்ட இருவரில் ஒருவர் கைதி, மற்றவர் வாடிக்கையாளர்.

கெடா மாநிலம் 2023இல் நான்கு இலக்க எண் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மூடா ஆற்றுக்கு வடக்கே கடைகள் மூடின, தெற்கே இறங்கினால் பினாங்கில் இருந்தன. சமய நோக்கில் எடுத்த முடிவு அது, அதைப் பற்றி நான் இங்கே வாதாடவில்லை. வேகத்தின் கணக்கில் பார்த்தால், மூடப்பட்டது மெதுவான சரக்கு. வேகமான சரக்கு கைப்பேசியில் ஆற்றின் இரு கரையிலும் அப்படியே ஓடுகிறது. சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் நுழைய ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும். 2019க்கு முன் அது 100. குடும்பத்தினரே மனுப்போட்டு ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு அந்த வரி கிடையாது என்பதால், ஜொகூரிலிருந்து போகும் நம் ஆளுக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

வீட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அரசு சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணம், அங்கிருந்து மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். கடிதம் வாங்கும்போது "சூதாட்டப் பழக்கம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த ஆட்டம், கடையிலா கைப்பேசியிலா, எந்த நேரத்தில், கடைசியாக எப்போது, கடன் யாரிடம், சாக வேண்டும் என்று பேசினாரா, குடியும் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சம்பளம் விழும் கணக்கில் மனைவியின் பெயரையும் சேர்ப்பதோ, இணைய வங்கிப் பரிமாற்ற உச்சவரம்பைக் குறைப்பதோ முதல் சந்திப்புக்கு முன்பே செய்துவிடக்கூடிய காரியங்கள். ஆலோங் கடனைக் குடும்பமே ஒரே மூச்சில் அடைத்துவிடுவது மட்டும் வேண்டாம். அடைத்த மறுநாள் புதிய கடன் வாங்க அவருக்குக் கை சுத்தமாகிவிடும். மிரட்டல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் புகார் செய்துவிட்டு, திருப்பிக் கட்டும் தவணையை மருத்துவர் அல்லது ஆலோசகர் முன்னிலையில் பேசி எழுதிக்கொள்வது நல்லது.